எங்கள் எலுமிச்சை வண்டி

நான் நன்றி சொல்ல வேண்டியவர்களை நினைத்துப் பார்த்தால் முன்வரிசையில் ஒரு மோட்டார் வண்டி நிற்கிறது. சில சொந்தக்காரர்கள் அதற்குப் பின்னால்தான் வருகிறார்கள். இதைப் படித்து அவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

முப்பதுகளில் நான் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்ற மருத்துவச்சியாக இருந்தேன். பிரெஞ்சில் சாஜ்ஃபாம் என்பார்கள். நாங்கள் குடியிருந்த நெல்லித்தோப்பில் என் பெயரை யாரும் சொன்னதில்லை, எல்லோருக்கும் நான் சாஜ்ஃபாம் அம்மாதான். பிரசவ வலி சொல்லிவைத்துக்கொண்டு வருவதில்லை. ஆள் தள்ளும் புஷ்புஷ் வண்டியில் ஏறி நான் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை பிறந்து, பெயரும் வைத்து முடித்திருப்பார்கள். சில வீடுகளில் அழுகுரல் தெருமுனையிலேயே கேட்கும். அப்போது வண்டிக்காரரைப் போகச் சொல்லிவிட்டு நடந்தே உள்ளே போவேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரியில் இருந்த பிரெஞ்சு டாக்டர் ஒருவர் ஊருக்குக் கப்பலேறினார். அவருடைய சின்னஞ்சிறு வண்டியை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். எலுமிச்சம்பழ நிறம். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் ஒருவர் முழங்காலை மடக்கி உட்காரலாம். பின்பக்கம் படகு போலக் கூர்ந்து முடியும். ஊரில் பெரிய மனிதர்களிடமெல்லாம் கப்பல் கப்பலாக மோட்டார்கள் இருந்தன. அவற்றின் நடுவே இது போனால் தேரோட்டத்தில் நடைவண்டி நுழைந்த மாதிரி இருக்கும். போதாததற்கு அதை ஓட்டுவது சேலை கட்டிய பெண். கடைத்தெருவில் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்று சும்மாவா சொன்னார்கள்? பெரிய மோட்டார்களை மழைக்காலத்தில் நாலு பேர் தள்ளிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வண்டி தினமும் காலையில் இரண்டு இருமல் இருமிவிட்டுக் கிளம்பிவிடும். மாட்டு வண்டி ஒதுங்க இடமில்லாத சந்துகளிலும் புகுந்து வீட்டு வாசலிலேயே என்னை இறக்கிவிடும். எத்தனையோ தாய்மார்கள் இன்று பேரன் பேத்தி எடுத்திருக்கிறார்கள் என்றால் அதில் அந்த வண்டிக்கும் பங்கு உண்டு.

சும்மா ஓடிவிடவில்லை. பசு மாட்டை வைத்திருப்பவர்கள் படும் பாட்டை நாங்கள் பட்டோம். கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்றுவிடும் என்பதால் தினமும் நல்ல தண்ணீரில் துடைப்போம். திருகாணிகளுக்கெல்லாம் எண்ணெய் தடவுவோம். தகர டின்னில் வரும் பெட்ரோலை மெல்லிய தோலில் வடிகட்டித்தான் ஊற்றுவேன். என்ஜினின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டர் தண்ணீரில்தான் எனக்குக் கண்டிப்பு அதிகம். சனிக்கிழமை சாயங்காலம் அதன் அடியில் இருக்கும் குழாயைத் திறந்து பழைய தண்ணீரை வடித்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கிணற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி நிரப்புவேன். என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். வண்டியைத் துடைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, ஆனால் ஏறி உட்கார்ந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். இறங்கின பிறகு, "நல்லாத்தான் ஓட்டுன" என்று சான்றிதழும் கொடுப்பார்.

என் மாமியாருக்கு வண்டி மேல் முதலில் வெறுப்புதான். மருமகள் தெருவில் மோட்டார் ஓட்டுவதைப் பார்த்து அவருக்கு வாயடைத்துப் போயிற்று. வாய் திறந்தபோது பேசியவற்றை இங்கே எழுத வேண்டாம். அந்த வெறுப்பு மாறியது அவருடைய மகளால்தான்.

என் நாத்தனாரைப் பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கொடுத்திருந்தோம். முதல் பிள்ளையும் இரண்டாவது பிள்ளையும் பிறக்கும்போதே போய்விட்டன. அப்போது எங்களிடம் மோட்டார் இல்லை. இரண்டு தடவையும் ஆள் வந்து சொல்லி, மாட்டு வண்டி கட்டி நான் போனபோது துணியால் மூடி வைத்திருந்தார்கள். மூன்றாவதாக அவள் உண்டானபோது நான் எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். வலி எடுத்த உடனே எனக்கு ஆள் அனுப்ப வேண்டும், நம் வண்டியில் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், கிராமத்தில் யாரும் கைவைக்கக் கூடாது. அன்றிலிருந்து மாமியார் வண்டியைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. வாசலில் அதைக் கடந்து போகும்போதெல்லாம் முந்தானையால் ஒரு துடை துடைத்துவிட்டுப் போவார்.

வெயில் கொளுத்திய ஒரு சனிக்கிழமை அவர் மாதா கோயில் திருவிழாவுக்குப் போய், சாமியார் மந்திரித்த கோயில் குளத்துத் தண்ணீரை ஒரு செம்புக் குடத்தில் கொண்டுவந்தார். எல்லோரும் கொண்டுவருவதுதான். நெற்றியில் தடவிக்கொள்வோம், வீட்டில் தெளிப்போம். கோடையில் குளம் வற்றித் தண்ணீர் பச்சையாக இருந்தது.

மறுநாள் பூசையிலிருந்து வந்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். தண்ணீர் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. அதிசயமாக என் கணவர் இந்த வேலையைச் செய்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டு மூடிவிட்டேன். அவரிடம் கேட்கவும் நேரமில்லை. பாகூரிலிருந்து சைக்கிளில் ஆள் வந்து வாசலில் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார்.

மாமியார் நானும் வருவேன் என்று பின் இருக்கையில் ஏறிவிட்டார். போகும்போது வண்டி வழக்கத்தைவிடச் சூடேறியது. வெயிலின் வேலை என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் பிரெஞ்சு ஊரும் இங்கிலீஷ்காரன் ஊரும் சதுரங்கக் கட்டம் மாதிரி மாறி மாறி வரும், வழியில் சுங்கச் சாவடியில் நிற்க வேண்டும். அங்கிருந்தவர் என் பையைப் பார்த்தார், முன்பக்கத்திலிருந்து ஆவி வருவதையும் பார்த்தார். "என்னம்மா, வண்டியில சோறு பொங்குதா?" என்று கேட்டுவிட்டு வழிவிட்டார்.

நாத்தனாரின் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பிள்ளை குறுக்காகக் கிடந்தது. டாக்டர் உள்ளே கைவிட்டுத் திருப்பித்தான் எடுக்க வேண்டும், கிராமத்தில் நடக்கிற காரியமில்லை. பனிக்குடம் இன்னும் உடையவில்லை, அது ஒன்றுதான் எங்களுக்குச் சாதகம். வழியில் உடைந்துவிட்டால் பிள்ளை போய்விடும், தாயும் போய்விடலாம். அவளை முன் இருக்கையில் சாய்த்தோம். பின்னாலிருந்து மாமியார் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளைக்கு இடமில்லை, பின்னாலேயே மாட்டு வண்டியில் வருவதாகச் சொன்னார்.

பாதி வழியில், ஒரு சவுக்குத் தோப்பின் அருகில், வண்டி நின்றுவிட்டது. மூடியின் கீழிருந்து ஆவி சீறிக்கொண்டு வந்தது. அத்தனை வருஷத்தில் அது என்னை வழியில் நிறுத்தியது அந்த ஒரே ஒரு தடவைதான். சூடான என்ஜினில் குளிர்ந்த தண்ணீர் விட்டால் வெடித்துவிடும், ஆறும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். எனக்கு இதைவிடக் கொடுமையான காத்திருப்பு வாய்த்ததில்லை. நாத்தனார் ஒவ்வொரு வலிக்கும் என் கையைப் பிடித்து, "அண்ணி, இதுவும் போயிடுமா அண்ணி?" என்று கேட்டாள். "சும்மா இரு, போவாது" என்று அதட்டினேன். எனக்கே என் குரலில் நம்பிக்கை இல்லை.

கொஞ்சம் ஆறியதும் ரேடியேட்டரின் அடியிலிருந்த குழாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. கொண்டை ஊசியை விட்டுக் குத்தினேன். பச்சைப் பாசி ஒரு திரியாக வந்தது, அதன் பின்னால் கொழகொழவென்று சேறு. கிணற்றுத் தண்ணீரில் பாசி ஏது? நான் நிமிர்ந்தபோது மாமியார் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"நான்தாம்மா ஊத்துனேன். மாதா தண்ணி. என் பொண்ணு ஏறப்போற வண்டியாச்சேன்னு..."

"அடிமண்டியோடயா ஊத்துனீங்க?"

"மந்திரிச்ச தண்ணியாச்சே. மிச்சத்த எங்கன்னு கொட்டுறது?"

அதுதான் விஷயம். மந்திரித்த தண்ணீர் கால்படும் இடத்தில் விழக்கூடாது. எங்கள் வீடுகளில் சின்னக் குழந்தைக்குக்கூட அது தெரியும். அதனால் குடத்தின் அடியில் தங்கிய சேற்றையும் பாசியையும் ஒரு துளி விடாமல் வண்டிக்குள் ஊற்றியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "ஒங்க பக்தியால ஒங்க பொண்ணயே கொல்லப் பாத்தீங்களே!" என்று கத்திவிட்டேன். தோப்பிலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன.

அவர் என் கையிலிருந்த கொண்டை ஊசியை வாங்கிக்கொண்டு மண்ணில் மண்டியிட்டார். குழாயைத் தம் கையாலேயே குத்தினார். பாசி விட்டதும் தண்ணீர் பீறிட்டுக்கொண்டு மாட்டுச் சாணமும் வண்டித்தடமும் கிடந்த அந்த ரோட்டில் ஓடியது. அவர் கண்ணை மூடவில்லை, சிலுவை போட்டுக்கொள்ளவும் இல்லை. "எல்லாத்தயும் தொறந்து வுடும்மா. நல்ல தண்ணி நான் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டுத் தோப்புக் கிணற்றை நோக்கி ஓடினார். அந்தக் கனத்த உடம்போடு அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

ஆழக் கிணறு. ராட்டினம் கிடையாது, கயிறும் இரும்பு வாளியும்தான். நான் நாத்தனாரை விட்டு நகர முடியாது. அவர் ஒருவரே இறைத்தார், ஒருவரே சுமந்து வந்தார், தம் திருவிழாச் சேலையின் முந்தானையில் வடிகட்டி ஊற்றினார். மேலே ஊற்ற ஊற்றக் கீழே பச்சையாக வந்தது, பிறகு கலங்கலாக வந்தது. "இன்னும் தெளியல" என்று ஒவ்வொரு தடவையும் அவரே சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினார். கடைசியில் கண்ணாடி மாதிரி ஓடியபோது குழாயை மூடி நிரப்பினேன். வண்டியைக் கிளப்பும் கைப்பிடியை முன்னால் செருகிச் சுற்றினேன். வண்டி இரண்டு இருமல் இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது.

அன்று அது ஓடிய ஓட்டத்தை நான் சாகும் வரை மறக்கமாட்டேன். அரியாங்குப்பம் பாலம் தாண்டும்போது நாத்தனார் கத்துவதை நிறுத்திவிட்டாள், அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது வண்டி கொஞ்சம்கூடக் கொதிக்கவில்லை. அவளைத் தூக்கிப் படுக்க வைத்த கட்டிலில்தான் பனிக்குடம் உடைந்தது.

டாக்டர் பிள்ளையைத் திருப்பி எடுத்தார். பெண் குழந்தை. உடனே அழவில்லை. நான் தலைகீழாகப் பிடித்து முதுகைத் தட்டியதும் அது வீறிட்டது. நாத்தனார் கண்ணைத் திறந்து, "அழுவுதா அண்ணி?" என்றாள். "காது கேக்கலியா ஒனக்கு?" என்று கேட்டேன்.

குழந்தையைத் துணியில் சுற்றித் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்தேன். மாமியார் தரையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டையும் முந்தானைக்குள் மறைத்திருந்தார். நான் குழந்தையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நான் தொட மாட்டேம்மா. நான் ஊத்துன தண்ணி அதக் கொன்னுருக்கும்."

"நீங்க எறச்ச தண்ணிதான் அதக் கொண்டாந்து சேத்துது. புடிங்க அத்த, எனக்கு உள்ள வேல இருக்குது."

தயங்கித் தயங்கிக் கைகளை வெளியே எடுத்தார். கயிறு இழுத்து இரண்டு உள்ளங்கைகளிலும் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. அந்தக் கைகளில் பேத்தியை வைத்தேன். குழந்தை ஒரு கொட்டாவி விட்டது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், உதடு அசைந்தது. மாதாவுக்கு நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "வண்டி ஆறிடுச்சாம்மா?" என்று கேட்டார்.

"பாத்துட்டு வந்துடுறேன் அத்த" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வண்டி வேப்பமர நிழலில் நின்றது. முன்மூடியின் மேல் கையை வைத்தேன், காய்ச்சல் விட்ட நெற்றி போல இதமாக இருந்தது. காலையிலிருந்து வராத அழுகை அங்கே வந்துவிட்டது. அழுதுகொண்டே அதைத் தட்டிக்கொடுத்தேன். பிரான்சில் பிறந்த வண்டி, தமிழில் நன்றி சொன்னால் புரியுமோ என்னவோ. "மெர்சி" என்றேன். ஆஸ்பத்திரிக் காவலாள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார், பார்க்கட்டும் என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.