சிவசாமி கடைப் படம் பார்க்கும்

புதுக்கோட்டையில் படத்துக்குக் கண்ணாடி போடும் கடைகள் மூன்று உண்டு. சிவசாமி கடையைவிட மற்ற இரண்டிலும் கூலி குறைவு. வேலையும் சீக்கிரம் முடியும். இருந்தாலும் சனங்கள் சிவசாமியிடம்தான் போவார்கள். "சிவசாமி கடைப் படம் பார்க்கும்" என்பது எங்கள் ஊர்ப் பேச்சு.

காரணம் இதுதான். சாமி படமோ ராஜா படமோ, செத்துப்போன தாத்தா படமோ, எது வந்தாலும் அவர் முதலில் வாசல் வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணைப் பார்ப்பார். அச்சடித்ததில் கண் கொஞ்சம் விலகியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார். "எழுதுறவன் எல்லாத்தையும் எழுதிட்டுக் கடைசியாக் கண்ணைத் தொறக்கணும். அதுவரைக்கும் அது வெறும் சாயம். சாயத்துக்கு எதுக்குய்யா கண்ணாடி?" என்பார்.

குன்றாண்டார்கோவில் ஆண்டிச்சாமி தன் கல்யாணப் போட்டோவைக் கொண்டுவந்தபோது, அதில் மாப்பிள்ளை கண்ணை மூடியிருந்தார். சிவசாமி போடமாட்டேன் என்றுவிட்டார். ஆண்டிச்சாமி கெஞ்சினார், திட்டினார், கடைசியில் கல்யாணமாகி மூன்று மாதம் கழித்து மறுபடி மாலை வாங்கி, மறுபடி பட்டுச்சேலை கட்டவைத்து, மறுபடி போட்டோ எடுத்தார். அதற்குள் புருஷன் பெண்டாட்டிக்குள் இரண்டு சண்டை நடந்திருந்ததால், புதுப் போட்டோவில் பெண் முறைத்துக்கொண்டிருந்தாள். "இது படம்!" என்று சிவசாமி உடனே சட்டம் அறுக்க உட்கார்ந்துவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு, யுத்தம் வருவதற்கு முந்திய வருஷம், வக்கீல் ஆத்மநாதன் வீட்டிலிருந்து சோதனை வந்தது.

வக்கீல் புது வீடு கட்டியிருந்தார். அதில் மாட்டுவதற்குப் பத்தொன்பது படங்கள். பதினெட்டில் குறையில்லை. பத்தொன்பதாவது, அவர் சென்னைப் பட்டணத்தில் ஒரு கண்காட்சியில் வாங்கிய படம். கெட்டிக் காகிதத்தில் வர்ணத்தால் எழுதியது. தலையில் கூடை வைத்த ஒருத்தி மணலில் நடந்து போகிறாள். சேலை இருக்கிறது, கை இருக்கிறது, கையில் வளையல் இருக்கிறது. முகம் மட்டும் கழுவிக் கவிழ்த்த தட்டுப் போல வழவழவென்று இருந்தது.

"ஐயா, இது இன்னும் முடியலைங்க" என்றார் சிவசாமி.

"முடிஞ்சதைத்தாம்ப்பா நான் வாங்கியாந்திருக்கேன். இது நவீனம்."

"நவீனமின்னா கண்ணு வேணாங்களா?"

"வேணாம்."

"மூக்கு?"

"அதுவும் வேணாம்."

"அப்ப வளையல மட்டும் எதுக்குங்க எண்ணி ஏழு போட்டிருக்கான்?"

கோர்ட்டில்கூட வக்கீலை யாரும் இப்படி மடக்கியதில்லை. சிவசாமி அதோடு விடாமல் மடியிலிருந்து சமஸ்தானத்து அம்மன் காசு ஒன்றை எடுத்துக் காட்டினார். "இதைப் பாருங்க. மிளகளவு காசு. இதுலகூட அம்மனுக்குக் கண்ணு வச்சிருக்கான். இம்மாம்பெரிய காயிதத்துல இடமில்லையாக்கும்?"

வக்கீலுக்குக் கோபம் வந்துவிட்டது. உள்ளே போய்ச் சிவப்பு அட்டை போட்ட ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டார். சென்னைக்குப் போகிறவர்களுக்கு வழிகாட்டும் தமிழ்ப் புத்தகம் அது. கடைசி அத்தியாயம் முழுவதும் நவீனச் சித்திரங்களை எங்கே பார்க்கலாம், எப்படிப் பார்க்க வேண்டும் என்பது.

"இதையும் படத்தையும் எடுத்துக்கிட்டு நீயே பட்டணம் போ. ஒரே ஒரு சித்திரக்காரன் இதை முடியாத படமின்னு சொல்லட்டும். எழுதினவங்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு, நான் ஏமாந்தேன்னு கோர்ட்டு வராந்தாவுல நின்னு சொல்றேன். அப்படி யாரும் சொல்லலைன்னா, வாயை மூடிக்கிட்டு நீ பிரேம் போடணும். சம்மதமா? இல்லை, பத்தொன்பதையும் அடுத்த கடைக்கு அனுப்பட்டுமா?"

கண் இல்லாத படத்துக்குக் கண்ணாடி போட்டால், இருபது வருஷமாகச் சொன்ன சொல் போய்விடும். போடாவிட்டால் வக்கீல் வீடு போய்விடும். வக்கீலைப் பார்த்து நடக்கும் நாலு தெருவும் போய்விடும். சிவசாமி புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

அவர் மனைவி சொர்ணமும் உடன் கிளம்பினாள். "ஒத்தையில போனா, எவன் வீட்டுப் பிரேமுலயாவது மூலை கூடியிருக்கான்னு பாத்துக்கிட்டே நின்னு ரயிலை விட்டுருவீங்க" என்பது அவள் சொன்ன காரணம். பட்டணம் பார்க்கும் ஆசை என்பது நான் சொல்லும் காரணம்.

சிவசாமி மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். ரயிலில் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். திருச்சிக்குள் அந்தப் பெட்டியில் இருந்த எல்லாருக்கும் நவீனச் சித்திரம் பார்க்கும் முறை தெரிந்துவிட்டது. "சித்திரத்துக்கு ஆறடி தள்ளி நிற்கவும். தலையை இடப்புறம் சற்றே சாய்க்கவும். புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லற்க. பட்டணத்தில் வலிய வந்து பேசுவோரிடம் நின்று பேசற்க." கடைசி வரியைச் சிவசாமி இரண்டு தரம் படித்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர் அதைக் கேட்டதும், நீட்டிய வெற்றிலையைத் தம் பக்கமே இழுத்துக்கொண்டார்.

எழும்பூரில் இறங்கி, டிராமில் ஏறி, புத்தகம் சொன்ன முதல் இடத்துக்குப் போனார்கள். இளம் சித்திரக்காரர்கள் கூடும் மாடி என்று போட்டிருந்தது. மாடியில் காபி கிளப் இருந்தது. புத்தகம் அச்சாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டதை அப்போதுதான் கவனித்தார்கள்.

சிவசாமி முறை பிசகாமல் ஆறடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, சுவரில் இருந்த பலகாரப் பட்டியலைப் பார்த்தார்.

"இதாச்சும் புரியுதுல்ல? உக்காருங்க, ரெண்டு இட்லி சாப்பிடுவோம்" என்றாள் சொர்ணம்.

காபி கிளப்காரர்தான் சரியான வழி சொன்னார். இரண்டு தெரு தாண்டி ஒரு மண்டபத்தில் புதுச் சித்திரங்களின் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது.

அங்கே நாற்பத்தோரு படங்கள் இருந்தன. சிவசாமி முதல் படத்தின் முன்னால் நின்று, பாதத்தோடு பாதம் ஒட்டிவைத்துப் பின்பக்கமாக ஆறடி அளந்தார். ஐந்தாவது அடியில் ஒரு வெள்ளைக்கார அம்மாளின் காலை மிதித்தார். அந்த அம்மாள் திட்டவில்லை. இவர் தலையைச் சாய்த்த பக்கமே தானும் சாய்த்து, படத்தைப் பார்த்துப் புன்னகை செய்தாள். அதன் பிறகு இவர் எந்தப் படத்துக்கு அளந்தாலும் அவளும் வந்து பக்கத்தில் நின்றாள்.

"யாருங்க அது?" என்றாள் சொர்ணம்.

"பேசாத. வலிய வந்தவங்க."

நீல மாடு ஒன்று. இரண்டு காதும் ஒரே பக்கம் இருக்கிற மனிதர் ஒருவர். பச்சையாக ஒரு சாமியார். மூன்று காலில் நிற்கும் நாற்காலி. சிவசாமி சட்டங்களின் மூலைகளை நகத்தால் தடவி, "கால் இஞ்சு இடைவெளி! இதுல மூட்டைப்பூச்சி குடும்பம் நடத்தும்" என்று வருத்தப்பட்டார். சொர்ணம் கண்களை மட்டும் எண்ணிக்கொண்டு வந்தாள்.

"இந்தாங்க, நாப்பத்தோரு படத்துக்கும் சேத்து முப்பத்தேழு கண்ணு. அதுல ஒண்ணு மீனோடது."

சிவசாமிக்கு நம்பிக்கை போய்விட்டது. பட்டணமே கண் திறக்காமல் இருக்கும்போது, இது முடியாத படம் என்று யார் சொல்லப் போகிறார்கள்? ஒரு மூலையில் போய், இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துத் துணி சுற்றியிருந்த வக்கீல் படத்தை எடுத்துச் சுவரிலுள்ள படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அப்போது ஒல்லியாக ஓர் இளைஞர் சிரித்துக்கொண்டே வேகமாக வந்தார்.

"அண்ணே, இந்தப் படம் ஒங்களுக்கு எப்படி..."

வலிய வந்து பேசுகிறார்! சிவசாமி படத்தைச் சுருட்டாத குறையாகத் துணிக்குள் திணித்துக்கொண்டு நடையைக் கட்டினார். இளைஞரும் பின்னாலேயே வந்தார். சிவசாமி ஓடினார், கூடவே சொர்ணமும். இளைஞரும் ஓடினார். வாசலில் டிராம் மணி அடித்தது.

"அண்ணே! அங்கிட்டுப் போகாதீங்க, டிராமு வருது! இங்கிட்டு வாங்க, இங்கிட்டு!"

சொர்ணம் சட்டென்று நின்றுவிட்டாள். "ஏங்க, நில்லுங்க. இது நம்ம பக்கத்துப் பேச்சு. தம்பி, நீங்க எந்த ஊரு?"

"மணமேல்குடிங்க" என்றார் இளைஞர், மூச்சு வாங்க. "பேரு சூசைராஜ். அந்தப் படம் நான் எழுதினதுங்க."

மண்டபத்துக்கு வெளியே மரத்தடி பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். சிவசாமி தான் வந்த கதையைச் சொல்லி, ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, மனசுல கை வச்சுச் சொல்லுங்க. இது முடிஞ்ச படமா?"

சூசைராஜ் சுற்றுமுற்றும் பார்த்தார். "மெதுவாப் பேசுங்கண்ணே. முடியலை. எனக்குக் கண்ணு எழுத வராது."

அந்தப் பெண்ணுக்குப் பதினொரு தடவை கண் எழுதிப் பார்த்தாராம். ஒரு தடவை மாறுகண் ஆனது. ஒரு தடவை போலீஸ்காரர் போல முறைத்தது. கண்காட்சிக்கு முதல் நாள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூலையில் மாட்டினார். பட்டணமே பேச்சைக் கேட்கும் கோட்டுப் போட்ட பெரிய மனிதர் ஒருவர் வந்து அதன் முன்னால் கால் மணி நேரம் நின்று, "என்ன துணிச்சல்!" என்றார். அவ்வளவுதான். அன்றையிலிருந்து சூசைராஜ் கண் எழுதினால் வாங்க ஆளில்லை.

"அந்தப் பச்சைச் சாமியாரு இருக்காருல்ல? அதை எழுதினவரு அருமையாக் கண்ணு எழுதுவாருண்ணே. என்னையப் பாத்து அவரும் விட்டுட்டாரு."

சிவசாமி துள்ளி எழுந்தார். ஜெயித்தாயிற்று! "இதை அப்படியே ஒரு காயிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க தம்பி!"

சூசைராஜ் முகத்தில் ஈயாடவில்லை. "வக்கீலு படத்தைத் திருப்பி அனுப்பினா, நாளைக்கே பட்டணம் பூராத் தெரிஞ்சிரும். அப்பறம் நான் ஊருக்குத்தான் போகணும். எங்கப்பா வருசம் ஒரு கடுதாசி போடுறாரு, வலை இழுக்க ஆளில்லை, சாயம் பூசினது போதும் வாடான்னு."

சிவசாமி சொர்ணத்தைப் பார்த்தார்.

"என்னைய ஏன் பாக்குறீங்க? செயிச்சு என்ன செய்யப் போறீங்க? ஏமாந்தேன்னு கோர்ட்டு வராந்தாவுல நிக்க வச்ச பெறகு, வக்கீலு ஒங்களுக்கு வேலை குடுப்பாரா? இந்தத் தம்பி பொழப்பும் போகும், நம்ம பொழப்பும் போகும். நல்ல செயிப்பு!"

"அதுக்காகக் கண்ணில்லாம எப்படிடி நான் பிரேம் போடுவேன்?"

சிவசாமி படத்தை மடியில் வைத்து முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருந்தார். திடீரென்று அதைக் குப்புறக் கவிழ்த்து, பின்பக்க வெள்ளைக் காகிதத்தில் விரலை வைத்தார்.

"தம்பி, படத்துக்குக் கண்ணு வேணும். எந்தப் பக்கத்துல வேணுமின்னு நான் என்னைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்லை. இங்கன எழுதுங்க. பின்னால அட்டை வச்சு ஆணி அடிச்சுட்டேன்னா, எமனே வந்தாலும் பாக்க முடியாது."

"கோணலா வருமேண்ணே!"

"வரட்டும். எழுதினவன் கையால தொறக்கணும். அம்புட்டுத்தான்."

படத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்து, முகம் எங்கே வருகிறது என்று சிவசாமி பின்பக்கம் குறித்துக் கொடுத்தார். சாயம் ஊறி முன்னால் தெரியும் என்று பென்சிலால்தான் எழுதச் சொன்னார். சூசைராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டு, வேர்க்க வேர்க்க எழுதினார். ஒரு கண் பெரிதாகவும் ஒரு கண் சின்னதாகவும் வந்தன. பெரியது கிழக்கே மணமேல்குடியைப் பார்த்தால் சின்னது மேற்கே பொன்னமராவதியைப் பார்த்தது. சொர்ணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

சிவசாமி சிரிக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்து, கடையில் பார்ப்பது போலவே நிதானமாகப் பார்த்தார். "பாக்குது" என்றார்.

ஊருக்கு வந்ததும் வக்கீல் கேட்டார். "என்னப்பா, பட்டணத்துல என்ன சொன்னாங்க?"

"முடிஞ்ச படந்தாங்க" என்றார் சிவசாமி. அதில் பொய் ஒன்றுமில்லை.

வக்கீல் அன்றைக்கே கோர்ட்டு வராந்தாவில் இதைச் சொல்லிச் சிரித்தார். சாயங்காலத்துக்குள் கடைவீதி முழுவதும் தெரிந்துவிட்டது. "என்ன சிவசாமி, இனிமே வெறும் காயிதத்தைக் கொண்டாந்தாலும் பிரேம் போடுவீங்களாமே?" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்டார்கள். பதில் சொல்ல அவர் வாய் துடிக்கும். ஆனால் சொன்னால் சூசைராஜ் வலை இழுக்கப் போக வேண்டும். அவர் வாயில் இரண்டு ஆணியைக் கவ்விக்கொண்டு சுத்தியலைத் தேடுவார். மாசி மாதம் முழுவதும் அந்த ஆணிகள் வாயிலேயே இருந்தன என்று சொர்ணம் சொல்கிறாள். எனக்கு இந்தக் கதையைச் சொன்னவளும் அவள்தான். வக்கீல் ஐயா இங்கிலீஷ் பத்திரிகை மட்டுமே படிப்பவர் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

புது வீடு குடிபுகுந்த அன்று அந்தப் படம் நடுக்கூடத்தில் தொங்கியது. வந்தவர்கள் எல்லாரும் அதன் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு சிவசாமியின் முகத்தைப் பார்த்தார்கள். பந்தி முடிந்து வெளியே வரும்போது சொர்ணம் அவர் காதோடு சொன்னாள்.

"பாவங்க அந்தப் புள்ளை. கண்ணைத் தொறந்ததிலேருந்து சுவத்தையே பாத்துக்கிட்டு நிக்கிது."

"நல்ல சுவருதான்" என்றார் சிவசாமி. "வெள்ளையடிச்சு நாலு நாளுகூட ஆகலை. பாக்கட்டும்."