எதிர் சீட்டுக் கண்கள்

இன்றைக்குப் புதுச்சத்திரத்தில், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற கரி பஸ் ஏறினேன். எதிர் சீட்டில் ஒரு பெண். பிதுங்கிய கண்களால், இமைக்காமல் என்னையே பார்த்தாள்.

அவள் பக்கத்தில் இருந்தவள் தன் குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

எனக்கு எரிச்சல். "ஏனுங்க, அப்படி என்னத்தப் பாக்கறீங்க?"

"பாக்கலீங்க சாமி. கண்ணை மூட முடியலீங்க. தூங்கறப்பவும் மூடாதுங்க."

கழுத்து வீக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். அங்கே இருக்கிற சுரப்பி கெட்டதால்தான் கண் இப்படி ஆனதென்று சேலத்து டாக்டர் சொன்னாராம்.

"ஊட்டுல நம்பலீங்க. கண்ணு பட்டுருமுன்னு, அவங்க சோறு திங்கறப்ப என்னைச் செவுத்தப் பாத்து உக்கார வெக்கறாங்க."

இப்போது இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். சோறு இறங்கவில்லை. எனக்குப் பின்னால் யாரோ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கிறது.

திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. உங்களில் யாராவது வந்து பார்த்துச் சொல்லுங்களேன்.