எங்கள் வீட்டுக் கப்போர்டை மாட்டியது நான்

முத்தியால்பேட்டையில் மணல்மேடாகக் கிடந்த இடத்தில் வீடு கட்டினேன். கீற்றுக் கொட்டகையில் ஆரம்பித்து, ஓடு போட்டு, கடைசியில் தளமே போட்டேன். பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய அதே வரிசையில் சொந்தமாக வெங்காயக் கடை வைத்தேன். மகனைப் படிக்க வைத்தேன். மகளைப் பிரான்சில் கட்டிக் கொடுத்தேன். நான் படித்ததோ மூன்றாம் வகுப்பு. இவனெல்லாம் எங்கே உருப்படப் போகிறான் என்று சொன்ன சொந்தக்காரர்கள் என் வீட்டுக் கல்யாணத்தில் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இவ்வளவு செய்தவன் என் வீட்டு அடுப்பங்கரையில் நான்கு கப்போர்டு மாட்டமாட்டேனா? மாட்டினேன். ஆனால் எவனோ மாட்டியதாகத்தான் இன்றைக்குப் பேச்சு. அப்படிக் கிளப்பிவிட்டவன் என் மகன்.

கப்போர்டுக்குக் கடையில் ஆர்டர் கொடுத்தவன் அவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. மாட்ட வந்த ஆள் மெஷினை வைத்துச் சுவரில் ஒரு ஓட்டை போட்டான். பொலபொலவென்று காரை கொட்டியது.

“பெரியவரே, இது சுவரா புட்டா? இதுல எதுவும் நிக்காது. இடிச்சுக் கட்டிட்டுக் கூப்பிடுங்க.”

போய்விட்டான். எத்தனை புயலைப் பார்த்த சுவர்! நான் நின்று கட்டிய சுவர்! மகன் “வேற ஆளப் பாக்கலாம்ப்பா” என்றானே தவிர, சுவருக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் நான் இறங்கினேன். பழைய கதவு நிலையிலிருந்து எடுத்து வைத்த தேக்குச் சட்டம் ஒன்று இருந்தது. காரையை விட்டு, உள்ளே செங்கல் இருக்கிற இடமாகப் பார்த்துத் துளை போட்டு, மரக்கட்டை அடித்து, சட்டத்தைச் சுவரோடு முடுக்கினேன். கடற்காற்றுக்கு இரும்பு ஸ்க்ரூ இற்றுப் போகும் என்று துருப்பிடிக்காத ஸ்க்ரூவாக வாங்கினேன். என் சம்சாரம் ஸ்டூலில் ஏறிக் கப்போர்டுப் பெட்டியைத் தாங்கிப் பிடிக்க, நான் சட்டத்தில் மாட்டினேன். சும்மா ஜம்மென்று உட்கார்ந்தது. நல்லதுக்கு என்று அவள் ஒரு எலுமிச்சம்பழத்தை உள்ளே வைத்தாள். அது உருண்டு ஓரத்தில் போய் முட்டிக்கொண்டது.

“இன்னாங்க, கோணலா மாட்டிட்டு ஜம்முன்னு இருக்குன்றீங்க?”

“தரையிலேர்ந்து அளந்துதாண்டி போட்டேன்.”

“கழுவி விட்டா தண்ணி ஓடணும்னு தரைக்கு வாட்டம் வச்சது யாரு? எதிர்வீட்டுக்காரரா?”

நான்தான். இத்தனை வருஷத்தில் ஒரு சொட்டு நிற்காமல் ஓடுகிற வாட்டம். சரி என்று எல்லாவற்றையும் கழற்றி, கொத்தனார் போல டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்து மறுபடி மாட்டினேன். அவள் பித்தளைக் குண்டான், எவர்சில்வர் அடுக்கு என்று வீட்டில் இருந்த கனமெல்லாம் ஏற்றினாள். அசையவில்லை. சாயங்காலம் மகன் வந்து கப்போர்டைப் பிடித்துத் தொங்கிப் பார்த்துவிட்டு, “சூப்பர்ப்பா” என்றான்.

சூப்பர் எல்லாம் வீட்டுக்குள்ளேதான். கோரிமேட்டிலிருந்து சம்பந்தி, அதாவது மகனுடைய மாமனார், வந்தார். கப்போர்டுக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். “நூல் பிடிச்ச மாதிரி இருக்கே, யாரு போட்டது மாப்ள?” என்றார்.

“கடைக்காரங்களே வந்து மாட்டிட்டுப் போனாங்க மாமா.”

நான் பக்கத்தில்தான் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். அவர் போனதும் கேட்டேன்.

“அப்பாவே மாட்டுனாருன்னு சொன்னா, ஆள் வைக்க வக்கில்லன்னு நெனைப்பாங்கப்பா.”

இப்படிச் சொல்ல இவனுக்கு வாய் எப்படி வந்தது? இவன் பிறந்து வளர்ந்த வீட்டையே ஆள் வைக்க வக்கில்லாமல்தான் நான் கல் தூக்கிக் கட்டினேன். அதில் படுத்துத் தூங்கும்போது கூச்சமாக இல்லையா? கூத்தைக் கேளுங்கள், போட்டோவைப் பார்த்துவிட்டுப் பிரான்சிலிருந்து மகள் பேசுகிறாள்: “மாட்டுன ஆளு நல்லா செஞ்சிருக்கான்ப்பா. அடுத்த தடவ நம்ம மாடி வேலைக்கும் அவனையே கூப்பிடுங்க.” என் சுவரை இடிக்கச் சொன்னவனுக்கு என் மகள் வாயாலேயே பாராட்டு!

வருகிற ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் சாப்பிட வருகிறார்கள். இலை போடுவதற்கு முன்னால் அவர்களை அடுப்பங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், “இது முழுக்க எங்கப்பா மாட்டுனது” என்று என் மகன் வாய் திறந்து சொல்ல வேண்டும். ‘வீட்டிலேயே பார்த்துக்கொண்டோம்’ என்று மழுப்பக் கூடாது. “பொட்டியத் தாங்குன எனக்கு ஒண்ணும் இல்லியா?” என்கிறாள் என் சம்சாரம். அதுவும் நியாயம்தான். அவள் பங்கையும் சொல்லட்டும். ஆனால் முதலில் என்னுடையதைச் சொல்ல வேண்டும்.