வெண்கலப் பட்டியலில் என் பெயர்

முதலில் போனது செருப்பு.

போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் ஒரு மாலை, பயிற்சி முடிந்து படகைக் கரையேற்றிவிட்டு, ஜெட்டி என்கிற படகுத்துறையிலிருந்து கொட்டகைக்கு நடந்து வந்தேன். ஐம்பது அடி தூரம் இருக்கும். பின்னாலிருந்து எங்கள் அணியின் மலாய்க்காரர் யூசோப் கூப்பிட்டார். "அபாங், உங்க சிலிப்பர் ஒண்ணு இங்க கெடக்கு!" குனிந்து பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. சரளைக்கல் மேல் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன், ஒரு கல்கூட உறுத்தவில்லை. சிரித்துக்கொண்டே திரும்பிப் போய் மாட்டிக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தால் அந்தச் சிரிப்புக்காகவே என்னை நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது செருப்பு கழன்றது தெரியாமல் போயிருந்தால், மேற்கொண்டு படிக்க வேண்டாம். முதலில் டாக்டரிடம் போங்கள். கட்டுரை எங்கும் ஓடிவிடாது.

நான் துறைமுகத்தில் படகு வலிக்கிறவனாக இருந்தேன். வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்குத் தபாலையும் ஆட்களையும் கொண்டுபோவது எங்கள் வேலை. ஐந்து துடுப்பு, ஒரு சுக்கான். சுக்கான் பிடிப்பவர் எங்கள் துரை. அவருக்கு நேர் எதிரே, முதல் இருக்கையில் நான். அந்த இருக்கைக்காரன் எந்தத் தாளத்தில் இழுக்கிறானோ, அந்தத் தாளத்தில்தான் பின்னால் இருக்கும் நால்வரும் இழுக்கவேண்டும். பதினோரு வருடம் அந்த இடத்தில் உட்கார்ந்தவன் நான். வேறொருவன் அதில் உட்காருவதை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

அந்த வருடம் எங்கள் கடலில் பன்னாட்டுப் படகுப் போட்டி நடப்பதாக அறிவித்தார்கள். சிங்கப்பூர், பினாங்கு, சயாம், அக்கரையில் டச்சுக்காரர் வைத்திருந்த பெலாவான் என்று பல துறைமுகங்களின் அணிகள் வரும். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று மெய்யான பதக்கங்கள். மூன்று மாதம் நாங்கள் துறைமுக விடுதியிலேயே தங்கிப் பயிற்சி எடுக்கவேண்டும் என்று துரை சொன்னார். என் வீடு கிள்ளானில், ஐந்தாறு மைல்தான். ஆனாலும் பெட்டியோடு போய்ச் சேர்ந்தேன்.

அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. பளபளவென்று தீட்டிய சயாம் பச்சரிசிச் சோறு லேசானது, புழுங்கலரிசிச் சோறு வயிற்றில் கல்லாக உட்காரும் என்று நானாக முடிவு கட்டினேன். யாரும் சொல்லவில்லை. விடுதிச் சமையல்காரர் மாலையில் பாசிப்பயற்றுக் கஞ்சி ஊற்றுவார். அதையும் கனம் என்று ஒதுக்கினேன். வெள்ளைச் சோறு, கொஞ்சம் கருவாடு, தேநீர். மற்ற நால்வரும் கஞ்சியை இரண்டு குவளை குடித்தார்கள், ஞாயிறுதோறும் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டார்கள். உலகத்தில் நோய் வந்தவன் பத்தியம் இருப்பான். நான் பத்தியம் இருந்து நோயை வரவழைத்தேன்.

என் மனைவி பெயர் ஆரோக்கியம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் புழுங்கல் சோறும் பருப்பும் தூக்கில் எடுத்துக்கொண்டு ரயிலேறி வருவாள். வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவேன்.

"ஒரு வாயாவது தின்னுட்டுப் போங்களேன். மூஞ்சி ஊதிப்போயிருக்கு."

"ஊதல. சதை போட்டிருக்கு. மெடல் வாங்கிட்டு வந்து உன் கையால தின்னுறேன், போ."

செருப்பு கழன்ற பிறகு மற்றவையும் வரிசையாக வந்தன. மாலையில் கணுக்கால் வீங்கியது. படியேறினால் நெஞ்சு படபடத்தது. எல்லாவற்றையும்விட மோசம், படகில் காலை ஊன்றி உதைக்கும் மிதிகட்டை என் காலுக்குத் தட்டுப்படவில்லை. துடுப்பைக் கை இழுக்கிறது என்று கரையில் நிற்பவர்கள் நினைப்பார்கள். கால்தான் இழுக்கிறது. கட்டையை உதைக்காமல் துடுப்பு நகராது. என் கால்களோ பஞ்சுமூட்டையை மிதிப்பதுபோல் மிதித்துக்கொண்டிருந்தன. துரையிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த இருக்கை யூசோப்புக்குப் போகும்.

யூசோப் எங்கள் மாற்று ஆள். இழுவைப் படகில் வேலை, என்னைவிட இரண்டு வயது இளையவர். மூன்று மாதமும் எங்கள் துடுப்புகளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, ஒரு நாள்கூட வலிக்க இடம் கிடைக்காமல் கரையில் நின்றவர். என்னை அண்ணன் என்ற பொருளில் அபாங் என்றே அழைப்பார். என் செருப்பை அவர் பார்த்துவிட்டார் என்ற ஒரே காரணத்துக்காக அவர்மேல் எரிச்சல்பட்டேன்.

தகுதிச் சுற்று அன்று, இரண்டு பாதங்களையும் துண்டுத் துணியால் மிதிகட்டையோடு கட்டிக்கொண்டேன். கால் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டாலும், இருக்கவேண்டிய இடத்தில் இருக்குமே. எப்படியோ வலித்தேன். இரண்டாவதாக வந்து இறுதிப் போட்டிக்குத் தேறினோம். ஜெட்டியில் ஒரே கூச்சல். துணிக்கட்டை அவிழ்த்து, எழுந்து, முதல் படியில் கால் வைத்தேன். முழங்கால் மடங்கியது. கூட்டத்துக்கு முன்னால் மூட்டையாய்ச் சரிந்தேன். என்னை அள்ளித் தூக்கியவர் யூசோப்.

ஆஸ்பத்திரியில் முதலில் என்னைப் பார்த்தவர் ஒரு டிரெஸ்ஸர் (டாக்டருக்கு உதவியாக நோயாளிகளைக் கவனிப்பவர்). யாழ்ப்பாணத்துக்காரர், தடித்த கண்ணாடி போட்டவர்.

"உமக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டார்.

என்னை இவ்வளவு பரிவாக யாரும் கேட்டதில்லை. "நாளைக்கு ஃபைனல் சார். என் எடத்துல வேற ஆள ஒக்கார வச்சிருவாங்க. அதான் சார் வருத்தம்" என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அதில்லை காணும். உடம்புக்கு என்ன வருத்தமெண்டு கேக்கிறன்."

அவர்கள் ஊரில் நோய்க்கே வருத்தம் என்றுதான் பெயராம். அப்போது எனக்குத் தெரியாது.

கெண்டைக்காலை அமுக்கினார், உயிர் போனது. முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியால் தட்டினார், கால் அசையவில்லை. "குந்தி எழும்பும், பாப்பம். கையை ஊண்டாதையும்" என்றார். குந்தினேன். எழ முடியவில்லை. பதினோரு வருடம் கடலில் படகு வலித்த கால், தரையிலிருந்து என்னை ஒரு முழம் தூக்க மறுத்தது.

"பெரிபெரி" என்றார் (உணவில் உள்ள ஒரு சத்துக் குறைவதால் நரம்பு தளர்ந்து, கால் மரத்து, உடம்பு வீங்கும் நோய்). பிறகு கொஞ்சம் கோபமாகவே கேட்டார்: "நீர் தமிழன்தானே? புழுங்கலரிசிச் சோறு தின்னுற ஆக்களுக்கு இந்த வருத்தம் லேசில வாறேல்லை. உமக்கு எப்பிடி வந்தது?"

என் பத்தியத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நெல்லை அவித்துக் குத்தும்போது சத்து அரிசியிலேயே தங்குகிறது, தீட்டிய பச்சரிசியில் அது தவிட்டோடு போய்விடுகிறது என்று விளக்கினார். ஒரு மாதம் முந்தி வந்திருந்தால் கஞ்சி குடித்தே எழுந்திருப்பேனாம். பிறகு வந்த டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து, இதயமும் பெருத்திருக்கிறது (வேலைப் பளு தாங்காமல் விரிந்துபோயிருக்கிறது), கட்டிலைவிட்டு இறங்கினால் உயிருக்குப் பொறுப்பில்லை என்றார். நாளை ஒரே ஒரு நாள் மட்டும் விடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மருந்து என்ன தெரியுமா? தவிட்டுக் கஷாயம், பாசிப்பயற்றுக் கஞ்சி, புழுங்கலரிசிச் சோறு. தட்டைப் பார்த்ததும் ஆரோக்கியம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இதத்தான மூணு மாசமா தூக்குல சொமந்தேன்? ஆஸ்பத்திரிக்காரன் குடுத்தாத்தான் தொண்டையில எறங்குமோ?"

நான் தட்டை வழித்துத் தின்றேன்.

மூன்றாம் நாள் செந்தூலிலிருந்து என் மச்சான் சந்தியாகு பத்திரிகையோடு ஓடி வந்தான். ரயில்வே பட்டறைக்காரன், குரலை அடக்கிப் பேசத் தெரியாது. வார்டு முழுவதும் கேட்க வாசித்தான்: பெலாவான் தங்கம், சிங்கப்பூர் வெள்ளி, போர்ட் சுவெட்டன்ஹாம் வெண்கலம். கீழே எங்கள் ஆறு பேரின் பெயர்கள். துரைக்கு அடுத்து, முதல் துடுப்பு, சவரிமுத்து. நான்தான். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். நானும் ஒரு கணம் பதக்கம் வென்றவனாகவே இருந்தேன்.

போட்டிக்கு முன்பே ஆபீசிலிருந்து கொடுத்த பட்டியலை எல்லாப் பத்திரிகைகளும் அப்படியே அச்சடித்துவிட்டன. என் இடத்தில் உட்கார்ந்து வலித்தவர் யூசோப். பதக்கம் இறுதிப் போட்டியில் வலித்தவருக்கே என்பது விதி, ஆகவே அது அவர் கைக்குப் போயிற்று. எனக்குப் பெயர், அவருக்குப் பதக்கம். வருகிறவர்களெல்லாம் "மெடல காட்டுங்கண்ணே" என்று கேட்டார்கள். துரையின் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது என்று சொன்னேன். நோயாளி பொய் சொன்னால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

இரண்டு வாரம் கழித்து யூசோப் வந்தார். கைக்குட்டையில் சுற்றியிருந்த பதக்கத்தை எடுத்து என் போர்வைமேல் வைத்தார். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"என் அப்பாவுக்குப் பேப்பர படிச்சுக் காட்டினாங்க. என் பேரு இல்ல. மெடல எந்த அடகுக் கடையில வாங்கினேன்னு கேக்கிறாரு. கம்பத்துல (மலாய்க்காரர் கிராமத்தில்) எல்லாரும் சிரிக்கிறாங்க, அபாங். நான் ஆபீசுல சொன்னேன், யாரும் கேக்கல. நீங்க ஒரு கடிதாசி எழுதுங்க. உங்க பேருதானே வந்திருக்கு, நீங்க சொன்னா திருத்துவாங்க."

"எழுதுறேன்" என்றேன்.

பதக்கத்தை மறுபடி கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு அவர் போன பிறகு காகிதம் வாங்கிவரச் சொன்னேன். ஆரோக்கியம் வாங்கி வந்து தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். எழுதவில்லை. கால்தான் மரத்திருந்தது, கை நன்றாகத்தான் இருந்தது. அந்தச் சாக்குக்கும் வழியில்லை.

ஆறு மாதம் படுக்கையும் சுவருமாகப் போயிற்று. வாரம் ஒருமுறை டிரெஸ்ஸர் ஊசிமுனையால் காலைத் தொட்டுக்கொண்டே வருவார். உணர்ச்சி நிற்கும் இடத்தில் ஊதாப் பென்சிலால் ஒரு கோடு போடுவார். முதலில் கோடு முழங்காலுக்குக் கீழே இருந்தது. வாரத்துக்கு ஓர் அங்குலம் இறங்கினால் அதிகம். சில வாரம் இறங்காது, ஒரு வாரம் ஏறிக்கூடப் போயிற்று. அன்றைக்குக் கஞ்சிக் குவளையை வீசி எறிந்தேன். படகில் ஒரு நிமிடத்துக்கு முப்பது முறை துடுப்பு போட்டவனுக்கு, ஒரு மாதத்துக்கு நாலு கோடு என்பது காலமே இல்லை. உங்களுக்கும் ஆத்திரம் வரும். குவளையை மட்டும் எறியாதீர்கள். துடைப்பது வீட்டுக்காரிதான்.

கோடு கணுக்காலைத் தாண்டியது. வலது பாதம் திரும்பிவந்தது. இடது உள்ளங்காலில் மட்டும் நின்றுவிட்டது, இன்னும் அங்கேயே நிற்கிறது. வீட்டுக்கு அனுப்பும்போது டிரெஸ்ஸர் தோளில் தட்டி, "வருத்தம் மாறீட்டுது, போம்" என்றார். அவர்கள் ஊரில் குணமாவதை அப்படிச் சொல்வார்கள். எனக்கு அது உண்மையில் மாறத்தான் செய்தது. காலில் இருந்தது வேறிடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

படகு வேலை போயிற்று. கயிற்றுக் கிடங்கில் உட்கார வைத்தார்கள். சந்தியாகு அந்தப் பத்திரிகைத் துண்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து, மாதா படத்துக்குக் கீழே மாட்டினான். ஆரோக்கியம் மாதாவைத் தினமும் துடைப்பாள், சட்டத்தைத் துடைக்கமாட்டாள். ஒன்பது வருடம் அதில் தூசி படிந்தது. யூசோப்பின் தகப்பனார் நடுவில் காலமானார். ஜனாசா அடக்கத்துக்குப் போய்வந்தேன். அன்றும் எழுதவில்லை.

இப்போதெல்லாம் என் காலை நம்புவதில்லை, கண்ணைத்தான் நம்புகிறேன். நடக்கும்போது குனிந்து குனிந்து செருப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். மரத்த இடத்தில் வலி கிடையாது. வலி இருந்திருந்தால் எப்போதோ வைத்தியம் பார்த்திருப்பேன்.

போன வாரம் ஜெட்டியில் குனிந்து பார்க்க மறந்துவிட்டேன். யாரோ பின்னால் நடந்துவரும் சத்தம் கேட்டது. யூசோப். தலை நரைத்துவிட்டது, இப்போது அவர்தான் சுக்கான் பிடிக்கிறார். கையில் என் இடது செருப்பு. கீழே உட்கார்ந்து, அதை என் பாதத்துக்கு நேராக வைத்தார்.

"சிலிப்பர், அபாங்."

அவ்வளவுதான் சொன்னார். கடிதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஒன்பது வருடமாக ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து சட்டத்தைக் கழற்றினேன். அதன் பின்பக்கத்தை மணையாக வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெரிபெரியைப் பற்றி எழுதச் சொல்லி இந்தப் பத்திரிகையில் கேட்டிருந்தார்கள், எழுதிவிட்டேன். கீழே உள்ளதையும் சேர்த்து அச்சிடுமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.

திருத்தம். பன்னாட்டுப் படகுப் போட்டி, இறுதி. மூன்றாம் இடம், வெண்கலம், போர்ட் சுவெட்டன்ஹாம் அணி. முதல் துடுப்பு: யூசோப். சவரிமுத்து அன்று படகில் இல்லை.