வசந்தியின் வலது கையோடு ஜொகூர் பாருவுக்கு

என் மகள் வசந்தி பொந்தியானில் பீசாங் கோரெங், அதாவது வாழைப்பழப் பஜ்ஜி, கடை வைத்திருக்கிறாள். மூன்று மாதத்துக்கு முன் கொதிக்கும் எண்ணெய் அவள் வலது கையில் கொட்டிவிட்டது. தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். புண் ஆறிவிட்டது, விரல்கள்தான் மடங்கவில்லை. இன்னொரு அறுவை வேண்டுமா என்று பார்க்கப் போன செவ்வாய்க்கிழமை ஜொகூர் பாரு பெரிய மருத்துவமனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இதே காரியமாகப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

காலை ஆறரைக்குப் பேருந்து ஏறினோம். சுமார் அறுபது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். லார்க்கின் பேருந்து நிலையத்தில் இறங்கி கிராப் கார் பிடித்தோம், வாடகை பன்னிரண்டு வெள்ளி. ஓட்டுநர் மலாய்க்காரர். தழும்பு தடிக்காமலிருக்க வசந்தி போட்டிருந்த இறுக்கமான கையுறையைக் கண்ணாடியில் பார்த்து விசாரித்தார். தன் வீட்டில் சுட்டுக்கொண்டால் பற்பசை பூசுவார்கள் என்றார். எங்கள் வீட்டில் கிச்சாப், அந்தக் கறுப்பு சோயா சாஸ். எண்ணெய் கொட்டிய அன்று என் நாத்தனார் வசந்தியைக் குழாயடிக்குப் போகவிடாமல் பிடித்துவைத்து, போத்தலையே கையில் கவிழ்த்தார். காயத்தின் ஆழம் தெரியவில்லை என்று அவசரப் பிரிவில் அதைக் கழுவி எடுத்தபோது வசந்தி அலறியதை நான் மறக்கவில்லை. அன்றோடு நாத்தனாரிடம் பேச்சை நிறுத்தினேன்.

ஒன்பது மணிக்கு எண் கிடைத்தது, பதினொன்றுக்குக் கூப்பிட்டார்கள். மருத்துவர் ஒவ்வொரு விரலாக அளந்தார். ஆறு வாரம் பார்ப்போம், அதற்குள் மடங்கினால் கத்தி வேண்டாம் என்றார்.

அடுத்து கைப்பயிற்சி கொடுக்கும் பெண், நம் தமிழ்ப்பெண்தான். வீட்டில் எப்படிச் சாப்பிடுகிறாள் என்று கேட்டார். நான்தான் ஊட்டுகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

"அதான் விரல் விறைச்சுப் போச்சு ஆன்ட்டி. சோத்தப் பிசையறதுதான் நல்ல பயிற்சி. சிந்தினா சிந்தட்டும்லா, அவங்களே சாப்பிடட்டும்."

ஒரு நாள் தப்புக்கு நாத்தனாரோடு மூன்று மாதம் பேசாதவள், மூன்று மாதத் தப்புக்கு என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருப்பது?

கீழே கண்டீனில் சோறும் சாம்பாரும் வாங்கினேன். வசந்தி கையுறையைக் கழற்றிப் பிசைந்தாள். முதல் கவளம் மேசையில் விழுந்தது. என் கை தானாகத் தட்டுக்குப் போனது.

"கைய எடுங்கமா. இல்லாட்டி உங்களத்தான் அட்மிட் பண்ணச் சொல்லணும்."

எடுத்துக்கொண்டேன். தட்டைக் காலி செய்ய அவளுக்கு நாற்பது நிமிடம் ஆனது. வலியில் இரண்டு முறை கண்ணைத் துடைத்தாள், நிறுத்தவில்லை.

போகிறவர்கள் பழைய மருத்துவச் சீட்டுகளையெல்லாம் எடுத்துப் போங்கள். கை தொளதொளப்பான சட்டை போட்டுவிடுங்கள். யாருக்காவது சுட்டுவிட்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், வேறெதையும் பூசாதீர்கள். ஆறிய பிறகு, மருத்துவர் சரி என்றால், பாசத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு அவர்களைச் செய்யவிடுங்கள்.

நேற்று ரசஞ்சோறு. நான்கு விரல் மடங்கிவிட்டது. சுண்டுவிரல் மட்டும் அடம்பிடிக்கிறது, இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.