உண்ணி வேலியில் ஒரு விரியன்

மனைவி இறந்துபோன பிறகு கணியம்பாடி வீட்டில் இருக்கப் பிடிக்காமல், நானே கேட்டு ஜவ்வாது மலைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். மாட்டு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலை. பின்னாலேயே தங்க ஓர் அறை. சாயங்காலத்துக்கு மேல் ஒரு மாடுகூட எட்டிப் பார்க்காது.

ஐப்பசி மழையில்தான் அதைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே உண்ணிச்செடி வேலியில், முக்கோணத் தலையோடு பச்சைப் பசேலென்று ஒரு மூங்கில் விரியன். மலைக்குளிரில் வாழ்கிற பாம்பு. கீழே எங்கள் ஊரில் நான் கண்டதில்லை. கடித்தால் கை வீங்கி, வலி பிராணனை வாங்கிவிடும். ஆனால் அதற்கு அவசரமே கிடையாது. பகலெல்லாம் அதே கிளையில் சுருண்டு கிடக்கும். ராத்திரி தவளை பிடிக்கப் போய்விட்டு, விடிந்தால் ஆபீசுக்குத் திரும்புகிறவனைப் போல அங்கேயே இருக்கும். டீயோடு ஜன்னலில் உட்கார்ந்து அதனிடம் பேச ஆரம்பித்தேன். குழம்பு உப்புக் கரித்தது, மழை விடுவதாக இல்லை என்று ஏதாவது. அது பதில் சொல்லாது. என் மனைவியும் கடைசி மாதங்களில் அதிகம் பேசியதில்லை.

யாரிடமும் நான் சொல்லவில்லை. சொன்னால் கம்போடு வந்துவிடுவார்கள்.

சாமை அறுப்புக்கு முன்னால் ஊரே சேர்ந்து வழியோர வேலிகளை வெட்டுவார்கள், தலைச்சுமையோடு வரும்போது இடிக்கக் கூடாதென்று. வரிசையாக வெட்டிக்கொண்டு வந்தவர்கள் என் வேலியருகே நின்று, ஏதோ பேசி, வெட்டாமலே தாண்டிப் போய்விட்டார்கள். விரியன் தப்பித்ததே என்று நிம்மதி. உடனே நெஞ்சு எரிந்தது. இவர்கள் தொழுவத்தில் கண்விழித்துக் கன்றுகளுக்கு மருந்து கொடுத்தவன் நான். நீ எங்கள் ஊர் ஆளில்லை என்று முகத்தில் அடித்தாற்போலவா சொல்வது? அறுப்பு முடியும்வரை என் வாசல் வழியாக ஒரு கட்டுகூடப் போகவில்லை. நானும் யார் சிரித்தாலும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன்.

மழை நின்றதும் விரியனைக் காணோம். அந்தச் சின்ன அறை எனக்கு ரொம்பப் பெரிதாகிவிட்டது.

அப்போது எதிர்வீட்டு அம்மா ஆட்டை ஓட்டிக்கொண்டு கழிச்சல் மருந்து வாங்க வந்தார்.

"அந்தப் பச்சப் பாம்பு போய்டுச்சா சார்?"

"எந்தப் பாம்பு?" என்றேன்.

"இன்னா சார், தெரியாத மாரி கேக்கறீங்க. தெனம் அதாண்ட பேசிக்கினு இருந்தீங்களே, வழியில போறவங்களுக்கெல்லாம் கேக்கும். வேலி வெட்டறன்னிக்கு அடிச்சிடலாம்னுதான் சொன்னாங்க. நாந்தான் வாணான்னேன். சாருக்குப் பேச்சுத்தொணைக்கு வேற யாரு இருக்கறாங்க, வுட்டுடுங்கன்னேன். அதான் அல்லாரும் செமய தூக்கிக்கினு அந்தாண்ட சுத்திப் போனோம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கத் தெரியவில்லை. அவர் ஆட்டைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

"போய்டுச்சுன்னா நாளைக்கு வந்து வெட்டிடறோம் சார்."

"நானும் வெட்டறேங்க. ஆனா எங்கிட்ட அருவா இல்ல."

"எங்க வூட்ல ரெண்டு இருக்குது," என்றார். "எடுத்துக்கினு வர்றேன்."