ஆளுக்குப் பாதி

காரைக்குடியிலிருந்து கோட்டையூர் போகும் வழியில் இருந்த ஒரு நூல் மில்லில், தொண்ணூறுகளில் நான் நர்சாக இருந்தேன். மில்லுக்குள்ளேயே ஒரு சின்ன அறை, அதுதான் டிஸ்பென்சரி. பஞ்சுத் தூசி ஜன்னல் கம்பியைக்கூட விடாது. மாலையில் டவுனிலிருந்து டாக்டர் வருவார். சூப்பர்வைசர் கொடுக்கும் சீட்டோடு வருகிறவர்களுக்கு மட்டும்தான் வைத்தியம். டாக்டருக்கு மில் கொடுத்த பணமும் ஒரு சீட்டுக்கு இவ்வளவு என்றுதான். அதனால் நாக்கை நீட்டு, கையைக் காட்டு, அடுத்த ஆள் வா என்று ஓடும். பாவம், கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஒருவரை உட்கார வைத்துப் பேசினால் அவருக்கு நஷ்டம். அந்த ஏற்பாட்டைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங்கில் வேலை பார்த்த ஒரு அக்காவுக்குப் பிரசர் இருந்தது. கோட்டையூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். என்னைவிடப் பெரியவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அவர் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. மாத்திரை கொடுத்தோம், பிரசர் இறங்கவில்லை. கூட்டிக் கொடுத்தோம், அப்போதும் இறங்கவில்லை. மெஷின் பக்கத்தில் மயங்கி விழுந்தால் யார் பதில் சொல்வது, அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் வேலைக்குத் தகுதி என்று கையெழுத்துப் போட மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மாத்திரையைச் சாப்பிடாமல் எங்கேயோ போடுகிறார் என்று நினைத்து, இனிமேல் தினமும் என் கண் முன்னால்தான் விழுங்க வேண்டும் என்று உத்தரவு போட்டேன். மறுநாள் வந்தார். தண்ணீர் கொடுத்தேன். மாத்திரையை வாயில் போட்டவர், பல்லால் ஒரு கடி கடித்தார். பாதியை விழுங்கிவிட்டு மீதியை விரலில் எடுத்தார். நான் பார்க்கவில்லை என்று நினைத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

கையைப் பிடித்துவிட்டேன். என்ன கூத்து இது என்று கத்தினேன்.

"திட்டாதீக நர்சம்மா. அவுகளுக்கும் பிரசருதான்" என்றார். "எங்க வீட்டுல ஒரு வாழைப்பழம்னாலும் ரெண்டாப் புட்டுத்தான் திம்போம்."

அவர் கணவரும் அதே மில்லில் ப்ளோ ரூமில் பல வருஷம் பஞ்சு பிரித்தவர்தான். மூச்சுத் தொந்தரவு வந்து வேலையை விட்டார். வேலையை விட்ட அன்றே டிஸ்பென்சரியும் போயிற்று. பெரியாஸ்பத்திரிக்கு பஸ் ஏறிப் போய் வரிசையில் நிற்க அவருக்கு மூச்சு வாங்கியது. அதற்கு இந்த அம்மா கண்டுபிடித்த வழிதான் பாதி மாத்திரை. டாக்டரிடம் சொன்னேன். அவருக்குச் சீட்டு இல்லையேம்மா, நான் பார்த்தாலும் மில் ஒத்துக்கொள்ளாதே என்றார். மேனேஜரிடம் போனேன். ரூல் இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்தார். இரண்டு பேரும் பாதிப் பாதி வைத்தியத்தில் சாகப்போகிறார்கள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் தொழிலாளிகளின் குடும்பத்தை மில்லுக்குள் விடுவார்கள். மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம், மாலை. நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள், ஆனாலும் என் பிரசர் மிஷினுக்கும் யாரோ பொட்டு வைத்து மற்ற சாமான்களோடு வைத்திருந்தார்கள். முதலாளி பொரிகடலை கொடுத்துக்கொண்டு வந்தார். வரிசையில் அக்காவும், பக்கத்தில் மூச்சு இரைக்க அவர் கணவரும் நிற்பதைப் பார்த்தேன். பொட்டோடு மிஷினை எடுத்து, அந்த மனிதரை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துக் கையில் சுற்றிவிட்டேன்.

"பூசையில வச்சத இன்னைக்கு எடுக்கலாமா நர்சம்மா?" என்று முதலாளி பக்கத்தில் வந்து நின்றார்.

"வீட்டாளுகள இன்னைக்கு ஒரு நாள்தான உள்ள விடுறீக ஐயா? நாளைக்கு எடுத்து யாருக்குப் பாக்க?"

பாதரசம் இருநூறைத் தாண்டியும் நாடித் துடிப்பு அடங்கவில்லை. ஒருவருக்கு என்று நீங்கள் வாங்கும் மருந்தை இரண்டு பேர் சாப்பிடுகிறார்கள், இருவருக்கும் நோய் கேட்கவில்லை, வாங்குகிற காசும் வீண், ஆளும் வீண் என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். முதலாளி அந்த மனிதரைப் பார்த்து, பெண்டாட்டி மருந்தில் பங்கு கேட்டாயா என்று சிரித்தபடிதான் கேட்டார்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் எங்க மொதலாளி கேட்டேன்? பழைய ஆளுகளுக்கு அரை மாத்திரை குடுக்கச் சொல்லி நீங்க உத்தரவு போட்டிருக்கீகன்னுல்ல இவ சொன்னா. தெனமும் உங்கள நெனச்சுக் கும்புட்டுட்டுத்தான் போட்டுக்குறேன்."

முதலாளியின் சிரிப்பு நின்றுவிட்டது. பொரித் தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, அந்த மனிதரின் தோளில் கை வைத்தார். ரொம்ப நேரம் அந்தக் கையை எடுக்கவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதற்குப் பிறகு சீட்டுக் கணக்கு ஒழிந்தது. வந்தாலும் வராவிட்டாலும் ஒரு வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று டாக்டரோடு பேசி முடித்தார் முதலாளி. பழைய ஆட்களின் வீடும் அதில் சேர்த்தி. டாக்டர் ஆளே மாறிப்போனார். முன்பு கூட்டத்தைப் பார்த்தால் குளிர்ந்துபோவார். இப்போது கூட்டம் வந்தால் அவருக்குத்தான் பாடு. ஊறுகாயைக் குறை, கருவாட்டைக் குறை என்று ஒவ்வொருவராக உட்கார வைத்து மன்றாட ஆரம்பித்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு.

முதல் நாள் அக்காவும் கணவரும் சேர்ந்து வந்தார்கள். ஆளுக்கு ஒரு கவர், ஆளுக்கு ஒரு முழு மாத்திரை. தண்ணீரை நீட்டினேன். அக்கா தன் மாத்திரையைப் பழையபடி கடித்து, பாதியை அவர் கையில் வைத்தார். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தன்னுடையதை நடுக்கோட்டில் ஒடித்து, பாதியை அக்காவிடம் நீட்டினார்.

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். ஆளுக்கு ஒன்று உள்ளே போய்விட்டதே, நான் எதற்குத் திட்ட? இன்னொரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.